கோப்பிமலை என்றொரு தோட்டம் இல்லை

வட்டவளை, மேல்பிரிவு,
பிள்ளைக்காம்பரா.
8.2.1959

அன்புள்ள தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்கா பூரணி எழுதுகிறேன். இங்கே நானும் மகள் நாகலெட்சுமியும் சுகம். குளிர்தான் விடமாட்டேன் என்கிறது. தனபாக்கியமும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று பொங்கலுக்காவது இரண்டு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். பொங்கல் போய் மாசி பிறக்கப் போகிறது. கண்டியில் தபால்பெட்டிக்குப் பஞ்சமோ என்னவோ.

குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. ஐம்பத்தொன்றில் நான் போட்ட பிரஜாவுரிமை மனுவுக்கு எட்டு வருஷம் கழித்துக் கடிதாசி வந்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்ததால் ஆபிஸ் கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "ஏம்மா, மனுவுல கோப்பிமலைனு எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு தோட்டமே இல்லைங்கறாங்களே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பொறந்த தோட்டம் எப்படிங்க ஐயா இல்லாமப் போகும்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மீதியையும் வாசிக்கச் சொன்னேன்.

விதவை என்பதால் முப்பத்தாறிலிருந்து நாற்பத்தாறு வரை பத்து வருஷம் இந்த நாட்டில்தான் இருந்தேன் என்று நான் ருசு காட்ட வேண்டுமாம். அந்தப் பத்து வருஷமும் கோப்பிமலை என்று சொன்னேன், ஹட்டனில் மனு எழுதியவரும் அப்படியே எழுதிவிட்டார். வேறு என்ன சொல்வேன்? பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போதுகூட அந்தப் பேர்தானே. கோப்பிச் செடியெல்லாம் நம் தாத்தா பிறக்குமுன்னே பட்டுப்போய்த் தேயிலை வந்துவிட்டது, பேர் மட்டும் இருந்தது. துரைமார் அதற்கு என்ன பேர் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. நாற்பத்தேழு வெள்ளத்தில் மலை சரிந்து நாம் குடியிருந்த லயமும் ஆபிசும் பேர்ப்புத்தகமும் ஒன்றாய்ப் போன பிறகு, கேட்கவும் ஆளில்லை.

மனுவில் நாகலெட்சுமி பேரும் இருக்கிறது. நர்ஸ் படிப்புக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். ஆவணிக்குள் பிரஜாவுரிமைச் சீட்டைக் கொண்டுவந்தால்தான் சேர்ப்பார்களாம். இல்லாவிட்டால் அவளும் கூடையை மாட்ட வேண்டியதுதான். நான் கடிதாசியை எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பார்க்கிறாள்.

துரைமார் வைத்த பேர் உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது.

உன் அக்கா,
பூரணி


கண்டி,
17.2.1959

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். பரீட்சைத் தாள்கள் குவிந்ததால் பொங்கலுக்கு எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

அந்த இடத்தின் சரியான பெயர் டன்போர்ட் எஸ்டேட், கீழ்ப்பிரிவு. இறம்பொடைக்கு மேலே இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் ஊர்வழக்குப் பெயரை எழுதியது பெரிய தவறு. கோப்பிமலை, கொய்னாக்காடு என்றெல்லாம் நாம் வீட்டில் பேசிக்கொண்டது வேறு. கோப்பியும் இல்லை, கொய்னா மரமும் இல்லை, அவற்றின் பெயரைச் சொல்லி யாருக்கு என்ன பயன்? உங்கள் கடிதங்களில்கூட மாட்டுக்கார மூக்கன், கம்பளிக் கங்காணி என்று எழுதுகிறீர்கள். மூக்கன் என்றால் போதாதா? போன வருஷம் ஒரு கடிதத்தில் நம் குடும்பத்துக்கு லயத்தில் வழங்கிய அந்தப் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இனி எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மாமனார் தபால் அதிபராக இருந்தவர். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அவர் கையில்தான் போகும். நம் குடும்பம் கம்பளையில் கடை வைத்திருந்தது என்று அவர் நம்புகிறார். அதை நான் விளக்க வேண்டியதில்லை. இனிமேல் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுங்கள்.

கோப்பிமலையும் டன்போர்ட் கீழ்ப்பிரிவும் ஒரே இடம் என்று ஒரு சான்று எழுதி, என் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன். இது போதும் என்று நினைக்கிறேன். நாகலெட்சுமியைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
சி. இ. முத்துலிங்கம்


வட்டவளை,
3.3.1959

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சான்றை எடுத்துக்கொண்டு நுவரெலியாவில் பிரஜாவுரிமைக் கந்தோருக்கே நானும் நாகலெட்சுமியும் போனோம். மேசையில் இருந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. தாள் வேண்டாமாம், ஆள் வேண்டுமாம். மார்ச் பதினெட்டாம் தேதி புதன்கிழமை விசாரணை. கோப்பிமலையில் குடியிருந்த ஒருவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே பிரஜாவுரிமை வாங்கியவராயும் இருக்க வேண்டும்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூக்கன் மனுவும் என் மனு மாதிரியே கிடக்கிறது. கம்பளிக் கங்காணி வீட்டார் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மீதிப் பேர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்களோ. பள்ளிக்கூடத்துப் பத்திரங்களைக் காட்டி ஐம்பத்தைந்திலேயே சீட்டு வாங்கியவன் நீ ஒருவன்தான். உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை.

ஆத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைத்தால் எனக்குச் சோறு இறங்காது. மாட்டுக்கார மூக்கனை மூக்கன் என்று மட்டும் எழுத வேண்டுமா? இறம்பொடையில் எத்தனை மூக்கன் இருக்கிறார்கள் தெரியுமா? அவர் மாட்டைக் கண்டவர் இல்லை. அவர் பாட்டன் கோப்பி மூட்டை ஏற்றி வண்டி ஓட்டினார், பேர் பேரன் வரைக்கும் வந்தது. அதனால் அவருக்கு என்ன கெட்டுப்போனது?

நம் வீட்டுப் பேரை எழுதக்கூட உனக்குக் கை கூசுகிறது, 'அந்தப் பெயர்' என்கிறாய். நான் எழுதுகிறேன். குழிவெட்டி வீடு. பேதி வந்த வருஷம் கங்காணி, கணக்கப்பிள்ளை எல்லாரும் மலையை விட்டு ஓடினபோது, நம் பூட்டன் மண்வெட்டியோடு நின்றார். ஒரே நாளில் பதினொரு குழி. அதற்குப் பிறகு அப்பா கவ்வாத்து வெட்டினார், நான் கொழுந்தெடுத்தேன், நீ வாத்தியாரானாய். பேர் அப்படியே இருந்தது. நான் அந்தப் பேரைச் சொல்லித்தான் வளர்ந்தேன், எனக்கு வெட்கமில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று உன் மாமனாரிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம். கண்டிக்குப் போய்வரும் நல்லமுத்து இங்கே வந்தபோது சொன்னார். பிள்ளைக்காம்பராவில் முப்பது கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிறவளை டீச்சர் ஆக்கிவிட்டாய். போகட்டும், சம்பளத்தையும் கூட்டச் சொல்.

கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே. தாய்மாமன் நீ. பதினெட்டாம் தேதி வந்துவிடு. வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, அதுவரை நான் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா,
பூரணி


கண்டி,
9.3.1959

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு நாளாயிற்று. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நுவரெலியாவில் ஆசிரியர் கூட்டம் என்று தனபாக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் நான் சொல்லும் பொய்களுக்கு இப்போது கணக்கே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கந்தோர் வாசலில் என்னைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டாம். கண்டிப் பக்கத்து ஆட்கள் யாராவது நிற்கக்கூடும். உள்ளே அதிகாரி கேட்டால் தம்பி என்று சொல்லுங்கள், அதை மறைக்கச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் விளக்கு வைக்குமுன் வீடு சேரலாம்.

கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லிவிடுவேன். பயப்படாதீர்கள். நானும் பயப்படாமல் இருக்கப் பார்க்கிறேன்.

தம்பி,
முத்துலிங்கம்


வட்டவளை,
2.4.1959

அன்புள்ள தம்பிக்கு,

ஆர்டர் வந்துவிட்டது. தள்ளிவிட்டார்கள்.

கிளாக்கர் ஐயா எனக்குப் படித்துச் சொன்னார். நம் இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விகளையாம். ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள் என்றால் பதில் ஒத்துப்போகும் என்று அந்த அதிகாரி சோதித்திருக்கிறார். இருந்த லயத்துக்கு என்ன பேர் என்றதற்கு நான் வண்டிக்கார லயம் என்றேன். நீ இரண்டாம் இலக்கக் குடியிருப்பு என்று சொன்னாயாம். மேலே இருந்த மலையை நான் கொய்னாக்காடு என்றேன், நீ ஏழாம் இலக்கத் தேயிலை என்றாயாம். செத்தவர்களை எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டார்கள். பேதிமேடு என்றேன். நீ மயானம் என்றாய். வீட்டுப் பேருக்கு நான் குழிவெட்டி வீடு என்றேன், நீ இராமையா குடும்பம் என்று மட்டும் சொன்னாயாம். அதனால், இந்தச் சாட்சி அங்கே வாழ்ந்தவர் என்று நம்ப முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். நாம் கூடப்பிறந்தவர்கள் என்பதிலேயே சந்தேகமாம்.

நீ மனசை வருத்திக்கொள்ளாதே. தப்பு என் மேல்தான். பதின்மூன்று வயசில் போர்டிங்குக்குப் போன பிள்ளை நீ, அதற்குப் பிறகு லீவுக்கு வந்து போனவன்தானே. அத்தனையும் எப்படி ஞாபகம் இருக்கும்? உன்னை முந்தின நாளே வரவழைத்து ஒருதரம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை. அன்றைக்கு நீ வெளியே வரும்போது சட்டையெல்லாம் வேர்வை. தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய், நல்லபடியாய் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

லயத்தில் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசினார்கள். "தம்பி மறந்துட்டான், பாவம், வேணும்னா செய்வான்?" என்று எல்லாரிடமும் சொன்னேன். மூக்கன் இறம்பொடையிலிருந்து பஸ் ஏறி வந்து, "மறதி மனுசனுக்கு உள்ளதுதான் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகலெட்சுமி இரண்டு நாள் சரியாய்ச் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறாள். திங்கட்கிழமை கொழுந்துக்குப் பேர் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன்.

மூன்று மாதத்துக்குள் மேலே மனுப் போடலாமாம். ஹட்டனில் வழக்குப் பேசும் ஒரு புரக்டரைப் பார்க்கப் போகிறேன். மறுபடி கூப்பிட்டால் நீ தயாராய் இருக்க வேண்டும். கடிதத்தின் பின்பக்கத்தில் எல்லாப் பேரையும் எழுதியிருக்கிறேன், தண்ணிப்பீலியிலிருந்து மாரியம்மன் கல் வரைக்கும். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறவன்தானே, தினம் ஒருதரம் சொல்லிப் பார். மறந்தது திரும்பி வரும்.

அக்கா,
பூரணி


கண்டி,
10.4.1959

அக்காவுக்கு,

நான் மறக்கவில்லை.

நீங்கள் பின்பக்கத்தில் எழுதியதில் இரண்டு பேர்கள் விட்டுப்போயிருக்கின்றன. தண்ணிப்பீலிக்குக் கீழே இருந்த பாறைக்குத் தப்படிச்சான் பாறை என்று பேர். வேலாயி அத்தை இருந்த காம்பராவைச் சீக்குக்காம்பரா என்பார்கள், பேதிக் காலத்தில் நோயாளிகளைப் போட்ட இடம் அது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நடந்ததை எழுதுகிறேன். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தாரே, அவர் என் மாமனாரின் பழைய சிநேகிதர். மாதம் ஒருதரமாவது எங்கள் வீட்டில் சாப்பிடுவார். நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்தது எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும், "அட, மாஸ்டர், நீர் எங்க இஞ்சால?" என்று கேட்டார்.

கேள்வி கேட்கக் கேட்க உண்மையான பேர் நாக்கு நுனிக்கு வந்தது. வண்டிக்கார லயம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இலக்கம் வந்தது. இதுவும் உண்மைதானே, பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் வீட்டுப் பேரைக் கேட்டபோது அவர் பேனாவைக் கையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தார். இராமையா குடும்பம் என்றேன். வேறு பேர் இருந்ததா என்று அதிகாரி மூன்று தரம் கேட்டார், அக்கா. மூன்று தரமும் இல்லை என்றேன். மூன்றாவது தரம் சொல்லும்போது, கேட்பதன் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் பதில் ஏற்கெனவே அவர் முன்னால் எழுதியிருக்கிறது என்று புரிந்தும் இல்லை என்றேன்.

வாசலில் நீங்கள் கண்ணாலேயே கேட்டீர்கள். தலையாட்டினேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னதைப் படித்த பிறகு என்னால் இதை வைத்திருக்க முடியவில்லை. சமாதான நீதவான் ஒருவர் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பழைய பேர்கள் எல்லாவற்றையும் எழுதி, அவை தெரிந்திருந்தும் வெட்கத்தால் மறைத்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நம் வீட்டுப் பேரும் அதில் இருக்கிறது.

இது வெளியே போனால் என் உத்தியோகம் என்னாகும் என்று தெரியாது. தனபாக்கியத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கொடுப்பதோ கிழிப்பதோ உங்கள் கையில். அதையும் உங்கள் தலையிலேயே போடுகிறேன் என்று தெரிகிறது. எனக்கு இருந்த தைரியம் தபால்பெட்டி வரைக்கும்தான். முடிந்தால் என்னை மன்னியுங்கள்.

முத்துலிங்கம்


வட்டவளை,
14.5.1959

தம்பி முத்துலிங்கத்துக்கு,

உனக்குப் பதில் எழுதுவதே இல்லை என்று இருந்தேன். ஒரு மாதம் அப்படியே இருந்தும் பார்த்தேன்.

மறந்திருந்தால் எனக்கு உன் மேல் ஒன்றும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்திருக்கிறது, எனக்குக் காது கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் அந்தோனியம்மா வந்து தூக்கிவிட்டு என்னைத் திட்டினாள். மூன்று தரம் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறாயே, ஒருதரம் பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொண்டாலும் மீதி இரண்டுக்கு என்ன சொல்வேன்? நான் மானம்கெட்ட பேரைச் சொன்னவள், நீ மரியாதைக்காரன், இல்லையா? மூக்கன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஹட்டனுக்குப் போய் அந்தச் சத்தியக்கடதாசியைப் புரக்டர் கையில் கொடுத்தேன். நாகலெட்சுமியும் வந்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதப் போட்டா ஒங்க கேஸத் திரும்ப விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம், நல்ல பலம் இருக்கு. ஆனா ஒங்க தம்பி பொய்ச்சாட்சி சொன்னேன்னு தானே எழுதிக் குடுத்திருக்காரு. உத்தியோகம் போகலாம். வழக்குகூட வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நாகலெட்சுமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா, மாமா பாவம். நான் கொழுந்துக்கே போறேன்" என்றாள். அவளை வெளியே போய் நிற்கச் சொன்னேன்.

நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். உன்னைப் போர்டிங்குக்கு அனுப்பிய வருஷம் எனக்கும் ஹட்டனில் தையல் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருந்தார் அப்பா. ஒருவருக்குத்தான் முடியும் என்று ஆனபோது தம்பி போகட்டும் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இதுவரை உன்னிடம் சொல்லிக்காட்டியதும் இல்லை. அது என்னுடையது, விட்டுக்கொடுத்தேன். இது நாகலெட்சுமியுடையது. அவளே வேண்டாம் என்றாலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை கிடையாது.

"குடுத்துடுங்க ஐயா" என்றேன். நல்லா யோசிச்சீங்களா என்று இன்னொருதரம் கேட்டார். "குடுத்துடுங்க" என்றேன். திங்கட்கிழமை கந்தோருக்குப் போய்விட்டது.

இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கந்தோர்க் கடிதம் உன் வீட்டுக்கு வருமுன் தனபாக்கியத்திடம் நீயே சொல்லிவிடு. அவள் நல்லவள் என்று நல்லமுத்து சொல்கிறார். உனக்கு வேலை போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. இருக்கிற காம்பராவில் இருப்போம்.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். அதை இப்போது என்னிடம் கேட்காதே, எனக்கு வரவில்லை. புரக்டர் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். உனக்கு என்ன நடந்தாலும் அதில் என் கையும் இருக்கிறது. மறுபடி கேட்டாலும் குடுத்துடுங்க என்றுதான் சொல்வேன்.

அக்கா,
பூரணி